ஒன்றரை மணித்தியாலப் பறப்புக்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவது? வன்னியிலிருந்து மாலே போகிறவர்களுக்கு

கூகிளில் கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று தேடினால் ஒன்றரை மணித்தியாலம் என்று வரும். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு கிளிநொச்சியிலோ விசுவமடுவிலோ இருந்து ஒருவர் பயணத்தைத் திட்டமிட்டால் விமானம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும். மாலைதீவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முகவர் வாட்ஸ்அப்பில் டிக்கெட்டை அனுப்புவார், "ஏழரைக்கு பிளைட், நேரத்துக்குப் போங்கோ" என்பார், அவ்வளவுதான். நேரத்துக்கு என்றால் எத்தனை மணிக்கு, எங்கே, எதில் போவது என்பதை வீட்டில் ஆளுக்கொரு கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதல்முறை பறக்கிறவர்கள் அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மாலேக்கு விளங்கினால் சிங்கப்பூருக்கும் விளங்கும்.

முதலில் தூரம்

ஒரு தளத்தில் 765 கிலோமீட்டர் என்று இருக்கும், இன்னொன்றில் 777 என்று இருக்கும், வேறொன்றில் 483 என்றும் 420 என்றும்கூட இருக்கும். குழம்ப வேண்டாம். 765 என்பது கொழும்பு நகரத்திலிருந்து மாலே நகரத்துக்கு நேர்கோட்டில் அளந்தது. ஆனால் விமானம் கொழும்பிலிருந்து புறப்படுவதில்லை, கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து புறப்படுகிறது. இறங்குவதும் மாலே தீவில் அல்ல, பக்கத்தில் இருக்கும் ஹுலுலே தீவிலுள்ள வெலானா விமான நிலையத்தில். இந்த இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடையே அளந்தால் 777 கிலோமீட்டர் அளவில் வரும். அதையே தரை மைலில் சொன்னால் 483, கடல் மைலில் சொன்னால் 420. விமானக்காரர்களும் கப்பல்காரர்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

நம்பாவிட்டால் நீங்களே பார்க்கலாம், ஓ.எல். கணிதம் போதும். கட்டுநாயக்கா கிட்டத்தட்ட வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகை. வெலானா வடக்கு 4.19, கிழக்கு 73.53. வடக்கு தெற்காக வித்தியாசம் ஏறக்குறைய 3 பாகை, கிழக்கு மேற்காக 6.35 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 333, 705. இனி பைதகரஸ்: இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 780க்குக் கிட்ட வந்து நிற்கும். இந்தக் குறுக்குவழி மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்களுக்கு மட்டுந்தான் சரிவரும். லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ இப்படிப் போட்டால் விடை எங்கேயோ போய்விடும், ஏனென்றால் வடக்கே போகப்போக நெடுங்கோடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, பூமி உருண்டை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்றால் கூகிள் மேப்பில் கட்டுநாயக்காவில் விரலை அழுத்திப் பிடித்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தெரிவுசெய்து, கோட்டை மாலே வரை இழுத்துவிடுங்கள்.

இன்னொரு தூரமும் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு முக்கியமான தூரம். கிளிநொச்சியிலிருந்து வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்காவுக்குத் தரையால் ஏறத்தாழ 310 கிலோமீட்டர். பஸ்ஸில் ஆறு, ஏழு மணித்தியாலம். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே 777 கிலோமீட்டரை ஒன்றரை மணித்தியாலத்தில் கடந்துவிடுவீர்கள்; அதில் பாதிக்கும் குறைந்த தூரத்தை ஊருக்குள் கடக்க அதைப்போல நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

பறக்கும் நேரம் எப்படி வருகிறது

ஜெட் விமானம் மேலே சமமாகப் பறக்கும்போது மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் போகும். அப்படிப் பார்த்தால் 777 கிலோமீட்டருக்கு 55 நிமிடம்தான் ஆக வேண்டும். பிறகு ஏன் ஒன்றரை மணித்தியாலம் என்று போடுகிறார்கள்? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. கதவை மூடி வாசலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நின்று கதவு திறக்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகத்தில் போக முடியாது, இறங்கும் இடத்தில் நெரிசல் என்றால் ஒரு வட்டமும் அடிக்க வேண்டும். இவற்றுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறார்கள். குறுந்தூரப் பயணத்தில் இந்தப் பங்கு பெரிதாகத் தெரியும்.

தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்குப் பலாலி நல்ல உதாரணம். பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீட்டர் அளவில்தான், மாலேயின் தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் அந்தப் பயணத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலமோ அதற்குச் சற்று மேலோ போடுவார்கள், ஏனென்றால் அங்கே ஓடுவது ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த சிறிய விமானம், அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான்.

காற்றும் ஒரு காரணம். மாலே பயணத்தில் அது சில நிமிடக் கதை, விட்டுவிடலாம். லண்டன் போகிறவர்கள்தான் அதை உணர்வார்கள். மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் மேல்வானக் காற்று எதிரே நிற்பதால் போகும் பயணம் வரும் பயணத்தைவிட நீளும்.

உண்மையில் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பார்க்க ஃப்ளைட்ராடார்24 என்ற செயலியில் உங்கள் விமான இலக்கத்தைத் தட்டுங்கள். கடந்த சில நாட்கள் அந்த விமானம் சொன்ன நேரத்துக்குப் போனதா, பிந்தியதா என்று தெரியும். இறங்கியபின் உள்நாட்டு விமானமோ படகோ பிடிக்க இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

மணிக்கூட்டு வித்தியாசம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊர் நேரம். எந்த நிறுவனத்தின் டிக்கெட்டானாலும் இதுதான் முறை. மாலே நேரம் இலங்கை நேரத்துக்கு அரை மணித்தியாலம் பின்னால்.

உதாரணத்துக்கு, கட்டுநாயக்காவில் காலை 7.30க்குப் புறப்பட்டு மாலேயில் 8.30க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், ஒரு மணித்தியாலப் பயணம் என்று நினைக்கக் கூடாது. அங்கே 8.30 ஆகும்போது பரந்தனில் 9.00 மணி. திரும்பி வரும்போது இதற்கு எதிர்மாறு: 9.30க்குப் புறப்பட்டு 11.30க்கு இறங்கும் என்று இருக்கும், இரண்டு மணித்தியாலம் போலத் தெரியும், ஆனால் அதே ஒன்றரைதான். சிங்கப்பூர் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால். இரவு 12.30க்கு ஏறினால் காலை 7.00க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கும். 2,700 கிலோமீட்டருக்கு மேலான அந்தத் தூரத்துக்கு விமானத்தில் இருப்பது நான்கு மணித்தியாலம் அளவுதான்.

மாலைதீவில் இன்னொரு கூத்து உண்டு. சில உல்லாசத் தீவுகள் விருந்தாளிகள் வெயிலைக் கூடுதலாக அனுபவிக்கட்டும் என்று மாலே நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் முன்னால் தங்கள் மணிக்கூட்டை ஓட விடுகின்றன. ஆகவே வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கே தீவு நேரமா, மாலே நேரமா?" அம்மாவுக்குப் போன் எடுக்கிற நேரமும் அதைப் பொறுத்தது.

இதைவிட ஆபத்தானது திகதி. 15ஆம் திகதி 00.30க்கு விமானம் என்று டிக்கெட் சொன்னால், அது 14ஆம் திகதி இரவு. 14ஆம் திகதி காலையோ மத்தியானமோ நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டிருக்க வேண்டும். 15ஆம் திகதி இரவு பெட்டியோடு போய் நிற்கிறவர்கள் உண்டு, அவர்களுடைய விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். 00.05 முதல் 03.00 வரை எந்த நேரத்தைக் கண்டாலும் நாட்காட்டியில் முதல் நாளைப் பேனையால் சுற்றிவிடுங்கள்.

பின்னாலிருந்து எண்ணுவது

இதுதான் முழுக் கட்டுரையின் வேலை. விமானம் புறப்படும் நேரத்தில் தொடங்கி வீட்டுப் படலை வரை பின்னோக்கி எண்ண வேண்டும். காலை 7.30 விமானத்தையே எடுப்போம்.

கவுண்டர் சாதாரணமாக மூன்று மணித்தியாலத்துக்கு முன் திறக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு முன் மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான், அழுதாலும் திறக்க மாட்டார்கள். முதல்முறை போகிறவர் திறக்கும் நேரத்துக்கே அங்கே நிற்க வேண்டும், அதாவது 4.30. வாசலிலேயே பொதிகளை ஸ்கேன் பண்ணுவார்கள், வேலைக்குப் போகிறவர்களிடம் வேலைவாய்ப்புப் பணியகப் பதிவைப் பார்ப்பார்கள், பிறகு கவுண்டர், குடிவரவு, திரும்பவும் ஒரு சோதனை, அப்புறம்தான் ஏறும் வாசல். ஒவ்வொன்றிலும் வரிசை.

4.30இலிருந்து பஸ்ஸுக்கு ஏழு மணித்தியாலத்தைக் கழித்தால் முதல் நாள் இரவு 9.30. அதோடு நிறுத்தாதீர்கள். முறிகண்டியில் நிற்பாட்டித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டுதான் பஸ் நகரும், அது நல்லதுதான், ஆனால் அதுவும் நேரம். சாப்பாட்டுக் கடையில் அரை மணித்தியாலம் போகும். ரயர் காற்றுப் போகலாம், மாடு குறுக்கே படுத்திருக்கலாம், வவுனியாவுக்கு அப்பால் யானையும் நிற்கலாம். இரண்டு மணித்தியாலம் கையிருப்பாக வைத்தால் 7.30. ஆக, அடுத்த நாள் காலை 7.30 விமானத்துக்கு முதல் நாள் மாலை 7.30க்குக் கிளிநொச்சியில் பஸ் ஏற வேண்டும், விசுவமடுக்காரர் 6.30க்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். முல்லைத்தீவு நகரத்தில் இருக்கிறவர்கள் மாங்குளத்துக்கு வந்து ஏ9 வீதியைப் பிடிப்பதென்றால் ஐம்பது கிலோமீட்டர் கூட, அதற்கு ஒன்றரை மணித்தியாலத்தைச் சேருங்கள். மன்னார்க்காரர்கள் மதவாச்சி வழியாகத் தனியாக எண்ண வேண்டும்.

கார்த்திகை, மார்கழி மழையில் இந்தக் கணக்கு ஒன்றும் நிற்காது. குளங்கள் வான் பாய்ந்து, கலாஓயா பெருகினால் அநுராதபுரம் புத்தளம் வீதியே அடைபடும், வாகனங்கள் தம்புள்ள, குருநாகல் என்று சுற்றி வரும். அந்த மாதங்களில் விமானம் என்றால் ஒரு நாள் முந்திப் போய் நீர்கொழும்பில் ஒரு மலிவான அறையில் தங்குவதுதான் புத்தி. அறைக் காசு பெரிதாகத் தெரியும், தவறவிட்ட டிக்கெட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் தெரியாது.

எதில் போவது

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாக வரும் இரவு பஸ்களில் புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகிறவற்றில் ஏறுங்கள். அந்த வீதி கட்டுநாயக்காவைத் தொட்டுக்கொண்டுதான் கொழும்புக்குப் போகிறது. குருநாகல் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் விமான நிலையம் வழியில் வராது, கொழும்புக்குப் போய்த் திரும்பி வடக்கே வர வேண்டும், ஒரு மணித்தியாலம் வீண். ஏறும்போதே நடத்துநரிடம் "அண்ணை, எயார்போர்ட் சந்தியிலே இறக்கிவிடுங்கோ" என்று சொல்லி வையுங்கள், சிலாபம் தாண்டியதும் திரும்பவும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள், அவரும் தூங்குவார். சந்தியிலிருந்து உள்ளே ஓட்டோ. நீர்கொழும்பில் இறங்கினாலும் பரவாயில்லை, அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவுதான்.

ரயில் பிடிக்கும் என்றால் எனக்கும் பிடிக்கும், ஆனால் இதற்கு அது தோதில்லை. வடக்கு ரயில் குருநாகல் பக்கமாக வந்து ராகமையில் புத்தளம் பாதையைச் சந்திக்கும். பெட்டிகளை இழுத்துக்கொண்டு ராகமையில் இறங்கி இன்னொரு ரயில் மாறுவது புதிதாகப் போகிறவருக்குத் தேவையில்லாத வேலை.

நான்கைந்து பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் ஒரு ஹயஸ் வான் பிடியுங்கள். ஆளுக்குப் பிரித்தால் தாங்கக்கூடிய காசுதான், வாசலிலேயே கொண்டுபோய் இறக்கும். ஆனால் ஒரு பிள்ளையை வழியனுப்ப எட்டுப் பேர் ஏறி, எல்லோரும் வெளிக்கிட்டு முடிய ஒரு மணித்தியாலம் பிந்துவது எங்கள் ஊர் வழக்கம். பெரியம்மாவும் சித்தப்பாவும் வரட்டும், புறப்படும் நேரத்தை மட்டும் போகிற பிள்ளை தீர்மானிக்கட்டும்.

இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது விமானப்படையின் இடம், பயணிகள் விமானம் அங்கே வருவதில்லை. வவுனியா ஓடுபாதையை நம்பியும் திட்டம் போட முடியாது. பலாலி வழியாகச் சென்னை போய் அங்கிருந்து மாலேக்கு ஏறலாமா என்றால், தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பொதியை எடுத்துக் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு இந்திய வீசா வேண்டும். டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் அந்த அலைச்சலுக்கு நான் ஓம் என்று சொல்ல மாட்டேன்.

கடதாசிகளும் பொதியும்

பாஸ்போர்ட் எடுக்க வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது, பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை. மாலைதீவு எல்லா நாட்டவருக்கும் 30 நாள் சுற்றுலா வீசாவை இறங்கும் இடத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறது. இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். "இப்போது சுற்றுலாவாகப் போங்கோ, அங்கே போனதும் வேலை அனுமதி எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். வேலைக்கான அனுமதி நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் கையில் அச்சடித்த தாளாக இருக்க வேண்டும். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் பதிந்திருக்க வேண்டும்.

இமுகா என்று ஒரு இணையப் படிவம் இருக்கிறது, மாலைதீவுக் குடிவரவுத் திணைக்களத்துடையது. பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது வேறு யாருடையதோ, மூடிவிடுங்கள். கட்டுநாயக்காவில் நின்று போன் சார்ஜ் இல்லாமல் நிரப்பத் தொடங்காமல், ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

பொதியில் கவனிக்க வேண்டியது: வன்னித் தேன், நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும், 100 மில்லிலீட்டருக்கு மேலான போத்தலைக் கைப்பையில் விட மாட்டார்கள், இறுக்கி மூடிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். பவர் பேங்க் அதற்கு எதிர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாலைதீவு இஸ்லாமிய நாடு. மதுபானம், பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான சிலைகள் ஒன்றும் கொண்டுபோக முடியாது. அம்மா பாசத்தில் பெட்டிக்குள் வைத்துவிடும் சின்னப் பிள்ளையார் சிலையையும் மாதா சுரூபத்தையும் முதல் நாளே எடுத்து வீட்டில் வையுங்கள். சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் நேரம் உங்கள் படகு நேரத்திலிருந்துதான் கழியும்.

இறங்கிய பிறகும் பயணம் இருக்கிறது

வெலானாவில் குடிவரவு, பொதி, சுங்கம் முடிய ஒரு மணித்தியாலம் வையுங்கள். மாலே நகரத்துக்குள் போகிறவர்களுக்கு இப்போது சுகம்: 2018இல் திறந்த சினமாலே பாலம் ஹுலுலேயை மாலேயோடு இணைக்கிறது, பஸ்ஸிலோ டாக்சியிலோ போய்விடலாம். அதற்கு முன் எல்லோரும் படகில்தான் கடந்தார்கள்.

தீவுகளுக்குப் போகிறவர்கள் மூன்று விதம். பக்கத்துத் தீவுக்கு ஸ்பீட் போட். அது நிறுவனத்தின் படகு, அவர்கள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் எடுப்பார்கள், ஆகவே துறையில் காத்திருக்க வேண்டி வரலாம். தூரத்துத் தீவுக்குக் கடல் விமானம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுந்தான் பறக்கும், பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்று அது கிடைக்காமல் இரவு மாலேயில் தங்க நேரிடும், அந்தச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தெற்கே அட்டு போன்ற இடங்களுக்கு உள்நாட்டு விமானம். மாலேயிலிருந்து அட்டுவின் கான் விமான நிலையம் 540 கிலோமீட்டர், மத்திய கோட்டைத் தாண்டி இருக்கிறது. அதாவது கட்டுநாயக்காவிலிருந்து மாலே வந்த தூரத்தில் முக்கால்வாசிக்குக் கிட்ட இன்னும் பாக்கி. முகவர் "மாலைதீவு" என்று மட்டும் சொன்னால் எந்தத் தீவு, எந்த அட்டோல் (தீவுக் கூட்டம்) என்று கேட்காமல் விடாதீர்கள்.

வெள்ளியும் சனியும் அங்கே அரச விடுமுறை. மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி அட்டை போன்ற அலுவலுக்கு வியாழன் பின்னேரம் போய் இறங்கினால் ஞாயிறு வரை சும்மா இருக்க வேண்டியதுதான்.

இப்போது மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். மாலை 6.30க்கு விசுவமடுவில் படலையைத் திறக்கிறீர்கள், அடுத்த நாள் மாலே நேரம் பகல் 12.00 அளவில் தீவில் இறங்குகிறீர்கள், எங்கள் நேரத்தில் அது 12.30. பதினெட்டு மணித்தியாலம். இதில் சாப்பாடு எத்தனை நேரம் என்று எண்ணிப் பொதி கட்டுங்கள், இடியப்பம் காலைக்குத் தாங்காது, பாணும் சம்பலும் தாங்கலாம்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும். மாலேயிலிருந்து இரவு விமானம் எடுத்தால் நடுச்சாமம் அளவில் கட்டுநாயக்காவில் இறங்குவீர்கள், அந்த நேரத்தில் பெட்டிகளோடு சந்தியில் வடக்குப் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்பது சரியில்லை, கொழும்பிலிருந்து வருகிறவை நிறைந்து வரும், நிறுத்தவும் மாட்டார்கள். காலை விமானமாகப் பார்த்து எடுங்கள். முடியாவிட்டால் பஸ் இருக்கையைக் கொழும்பிலிருந்து பதிந்துவிட்டு, ஏறும் இடம் கட்டுநாயக்கா என்று நடத்துநருக்கு மாலேயிலிருந்தே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், விமானம் பிந்தினால் அடுத்த பஸ்ஸுக்கு மாற்றித் தருவாரா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.